கழுத்து வெல்டிங்

எங்கள் எளம்பலூர் பக்கம் காலை பத்து மணிக்கு மேல்தான் கரண்ட் ஒரே சீராக வரும். அதற்கு முன்னால் சுற்றுவட்டாரத்து வயல் மோட்டார்கள் எல்லாம் ஓடிக்கொண்டிருக்கும். வீட்டுப் பல்பு கூட மங்கி மங்கி எரியும். ஆர்கான் வெல்டிங் செய்கிறவர்களுக்கு இது முக்கியம். கரண்ட் ஏறி இறங்கினால் கை எவ்வளவு நிதானமாக இருந்தும் பயனில்லை. அதனால் பத்து மணிக்குள் சமையலை முடித்து, அத்தைக்குச் சாப்பாடு போட்டுவிட்டு, சேலைக்கு மேல் காக்கிச் சட்டையை மாட்டிக்கொண்டு பின்பக்கத்து ஷெட்டுக்குப் போய்விடுவேன்.

இன்ஸ்பெக்டர் மேடம், நடந்ததை வரிசையாக எழுதித் தரச் சொன்னீர்கள். நேற்று நான் ஸ்டேஷனுக்கு வந்தபோது நீங்கள் நம்பவில்லை. "புருசன காப்பாத்தணும்னு வந்திருக்கியாம்மா?" என்று கேட்டீர்கள். கோபமாகக் கேட்கவில்லை, இரக்கமாகத்தான் கேட்டீர்கள். இன்று காலை நடந்ததற்குப் பிறகு நம்புகிறீர்கள் என்று நினைக்கிறேன். இருந்தாலும் முதலிலிருந்து எழுதுகிறேன். எனக்கு அவசரம் இல்லை.

என் பெயர் பூங்குழலி. வயது முப்பத்து மூன்று. பிறந்த ஊர் தா.பழூர். எங்கள் வீட்டில் எல்லோரும் நெல் வயலில் இறங்கியவர்கள். நான் ஐ.டி.ஐ.யில் வெல்டர் படிப்பில் சேர்ந்தேன். வகுப்பில் நான் ஒருத்திதான் பெண். படிப்பு முடிந்ததும் அரியலூர் ரோட்டில் ஒரு பட்டறையில் ஏழு வருடம் வேலை பார்த்தேன். சிமெண்ட் ஆலைகளுக்குப் பைப் செய்து கொடுக்கும் பட்டறை அது. அங்கே ஒவ்வொரு வெல்டிங்கையும் ஆஸ்பத்திரியில் எலும்பை எடுப்பது போல எக்ஸ்ரே எடுப்பார்கள். படத்தில் ஒரு கரும்புள்ளி தெரிந்தால் பைப் திரும்பி வந்துவிடும். ஏழு வருடத்தில் என் பைப் ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. இதைப் பெருமைக்காகச் சொல்லவில்லை. கேட்டதால் சொல்கிறேன்.

வெல்டிங் தெரியாதவர்களுக்கு ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். இரண்டு பைப் சேருகிற இடத்தில் மேலே அழகாக, அடுக்கி வைத்த காசு போல ஒரு வரி தெரியும். அது கண்ணுக்கு. இரும்பு உருகி உள்ளே இறங்கிப் பிடித்திருக்கிறதே, அது பாரத்துக்கு. உள்ளே இறங்காமல் மேலே மட்டும் வரி வைக்க முடியும். பார்த்தால் வித்தியாசம் தெரியாது. கையால் ஆட்டிப் பார்த்தாலும் தெரியாது.

என் கணவர் அசோக் பெரம்பலூரில் ஒரு வண்டி ஷோரூமின் சர்வீஸ் பிரிவில் இருந்தார். நல்லவர். குடிக்க மாட்டார். என் மேல் கை வைத்ததில்லை. கல்யாணம் ஆனதும் வேலையை விடச் சொன்னபோது கூடக் கெஞ்சித்தான் கேட்டார், நானும் விட்டுவிட்டேன். அவருக்கு ஓர் ஆசை இருந்தது. கம்பெனி கொடுக்கிற சட்டத்தில் இல்லாமல், தானே வளைத்து, தானே சேர்த்த சட்டத்தில் ஒரு வண்டி கட்ட வேண்டும். சட்டம் என்றால் வண்டியின் எலும்புக்கூடு, ஃபிரேம். எஞ்சின், டேங்க், சீட்டு எல்லாம் அதன் மேல்தான் உட்காரும். முன்னால் ஹேண்டில்பாரும் முன் சக்கரமும் வந்து சேருகிற இடத்தைக் கழுத்து என்பார்கள். ஓட்டுகிறவனின் உயிர் அந்த இடத்தில்தான் இருக்கிறது.

அவருக்கு அளவு தெரியும். ஒரு பைப்பை எந்த வளைவில் வளைத்தால் வண்டி பாய்வது போல நிற்கும் என்பதைக் கண்ணாலேயே சொல்லிவிடுவார். அந்தத் திறமையை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் தீப்பொறிக்கு முன்னால் அவர் கை நடுங்கும். முதல் வண்டிக்கு அவர் வைத்த நான்கு வெல்டிங்கையும் நான் அறுத்து எடுத்துவிட்டுத் திரும்ப வைத்தேன். அதன் பிறகு அவர் அந்தப் பக்கம் வரவில்லை. வளைப்பது அவர், சேர்ப்பது நான் என்று ஆனது.

வண்டி கட்டுவதை அவர் வீடியோவாக எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். ஒருநாள் நான் வெல்டிங் வைப்பதைக் கிட்டத்தில் எடுத்துப் போட்டார். முகத்தில் முகமூடி, கையில் தோல் உறை. யார் என்று தெரியாது. கீழே நூற்றுக்கணக்கான பேர், "அண்ணா கை அண்ணா கைதான்" என்று எழுதியிருந்தார்கள். அவர் சிரித்துக்கொண்டே என்னிடம் காட்டினார்.

"பாத்தியா பூவு, ஒன் கைய எங்கையின்னு நெனச்சிட்டானுவ."

நானும் சிரித்தேன்.

அதன் பிறகு படம் எடுக்கும்போது வளையலைக் கழற்றிவிடச் சொன்னார். ஒருமுறை என் கால் மெட்டி தெரிந்துவிட்டது என்று அந்த இடத்தை வெட்டிவிட்டுப் போட்டார். திருச்சியிலிருந்தும் சேலத்திலிருந்தும் ஆட்கள் அவரைப் பார்க்க வருவார்கள். ஷெட்டில் அவர் காக்கிச் சட்டையோடு நிற்பார். என் சட்டைதான், எங்கள் இருவருக்கும் ஒரே அளவு. நான் காபி கொண்டுபோய்க் கொடுப்பேன். வந்தவர்கள் வெல்டிங்கைத் தடவிப் பார்த்து, "எப்டிங்க இவ்ளோ நைசா வருது?" என்று கேட்பார்கள். அவர், "பழக்கம்தாங்க" என்பார். இதையெல்லாம் நான் பொருட்படுத்தியதே இல்லை. பெயரில் என்ன இருக்கிறது. வேலை சுத்தமாக இருந்தால் போதும்.

வீட்டில் இன்னொருவருக்கு மட்டும் அது உறுத்தியது. என் கணவரின் தம்பி முத்தமிழ்செல்வன், வீட்டில் முத்து. அரியலூரில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் வேலை. தினமும் காலை பஸ்ஸில் போய்விட்டு இரவு பஸ்ஸில் வருவார். வண்டி ஆசையெல்லாம் அவருக்குக் கிடையாது. ஓட்டத் தெரியும், அவ்வளவுதான். ஒருநாள் போனோடு அடுப்பங்கரைக்கு வந்து நின்றார்.

"அண்ணி, கீழ நானே எழுதிப் போடட்டுமா? இது எங்கண்ணி கையின்னு."

"வேணாம் தம்பி. அவரு வருத்தப்படுவாரு."

"நீங்க வருத்தப்பட மாட்டீங்களா?"

"எனக்கென்ன," என்றேன்.

வேண்டாம் என்று சொன்னது நான்தான். இதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது வண்டி ஆரம்பித்தது தை மாதம். அது விற்பதற்கு இல்லை, அவருக்கே. பழைய வண்டி ஒன்றின் எஞ்சினை எடுத்து, முழுக்கப் புதுச் சட்டம். வேலை பாதி நடந்தபோது யாரோ ஒருவன் வீடியோவுக்குக் கீழே எழுதினான்: முகத்தைக் காட்டிவிட்டு, நிறுத்தாமல் ஒரே ஓட்டமாக வெல்டிங் வைத்துக் காட்டு, நீதான் வைக்கிறாய் என்று நம்புகிறேன். அதற்குக் கீழே இன்னும் பத்துப் பேர் அதையே கேட்டார்கள். அவருக்கு அன்று சாப்பாடு இறங்கவில்லை. மறுநாள் முடிவு செய்துவிட்டார். ஞாயிற்றுக்கிழமை நேரலையில் தானே வைத்துக் காட்டுவது. அதுவும் கழுத்து வெல்டிங்கை.

"ஏங்க, கழுத்த மட்டும் உட்டுடுங்க. சீட்டுக்குக் கீழ எங்கயாச்சும் வைங்க," என்றேன்.

"கழுத்து வச்சாத்தான் நம்புவானுவ."

"அப்ப நான் பக்கத்துல நின்னு சொல்றேன்."

"நீ நின்னா முகமூடிக் கண்ணாடில ஒன் நெழலு தெரியும் பூவு. நீ சமையக்கட்டுல இரு. முடிஞ்சதும் கூப்புடுறேன்."

சமையல்கட்டுக்கும் ஷெட்டுக்கும் நடுவில் பன்னிரண்டு அடிதான். நான் போனில் பார்த்துக்கொண்டு நின்றேன். வெல்டிங் சத்தம் சுவர் வழியாக ஒருமுறை கேட்டது. நான்கைந்து விநாடி கழித்து அதே சத்தம் போனில் கேட்டது. பார்க்க வேண்டிய அவசியமே இல்லை. இரும்பு உள்ளே இறங்கும்போது ஒரு சத்தம் இருக்கிறது, எண்ணெயில் வடகம் பொரிகிற மாதிரி ஒரே சீராக. அந்தச் சத்தம் வரவில்லை. விட்டு விட்டுப் பொரிந்தது. அவர் முகமூடியைத் தூக்கிச் சிரித்தார். போன் திரை முழுக்கக் கைதட்டல், நெருப்பு எமோஜிகள் பறந்தன.

கூப்பிட்டார். போனேன். வெல்டிங்கைப் பார்த்தேன். கீழ்ப் பைப் கழுத்தோடு சேரும் இடத்தில் இரும்பு மேலோடு நின்றுவிட்டிருந்தது. ஓட்டை ஓட்டையாக, எறும்புப் புற்று மாதிரி. மூன்றாம் நாள் மாணவன் வைத்தது போலிருந்தது.

சரி செய்யும் வழி ஒன்றுதான். முழுவதும் அறுத்து எடுத்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். அரை நாள் வேலை. எனக்கு அது புதிதில்லை.

அவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார். "மேல மட்டும் கொஞ்சம் அழகா முடிச்சுடு பூவு. நாளைக்கி போட்டோ போடணும்." பிறகு சற்றுத் தயங்கிக் கேட்டார். "உள்ள எறங்கியிருக்குல்ல?"

"ம்," என்றேன்.

இந்த விஷயத்தில் நான் வாய் திறந்து சொன்ன பொய் அந்த ஓர் எழுத்துதான்.

அவர் தெரியாமல் கேட்டார், நான் தெரிந்து சொன்னேன். அந்த நேரம் எனக்குக் கோபம் எதுவும் இல்லை. கோபத்தோடு வெல்டிங் வைத்தால் கை சொல்லிவிடும். மேல் வரி வைக்க நாற்பது நிமிடம் ஆனது. அவர் வைத்த எறும்புப் புற்றைக் கிரைண்டரால் மேலோட்டமாகச் சமப்படுத்தி, அதன் மேல் வைத்தேன். மேடம், என் வாழ்நாளில் நான் வைத்ததிலேயே நல்ல வரி அது. ஒவ்வொரு அடுக்கும் அடுத்ததோடு ஒரே அளவில் படிந்திருந்தது. முடித்ததும் அவர் குனிந்து பார்த்தார். "எங் கையி இப்டி வருமா," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். மறுநாள் அந்தப் படத்தைப் போட்டார். தான் நேரலையில் வைத்ததுதான் இது என்று எழுதியிருந்தார். அதுவரை இல்லாத அளவுக்குப் பாராட்டு வந்தது.

நீங்கள் என்ன கேட்பீர்கள் என்று தெரியும். அவர் விழ வேண்டும் என்று நினைத்தாயா? நான் அப்படி நினைக்கவில்லை. அந்த வெல்டிங் அவருடையது. உள்ளே இறங்காத வெல்டிங் ஒருநாள் விட்டுவிடும். அது இரும்பின் குணம். நான் நடுவில் புகுந்து தடுக்கவில்லை, அவ்வளவுதான். டவுனுக்குள் ஏதாவது வேகத்தடையில் ஏறி இறங்கும்போது விரிசல் விடும், வண்டி சாயும், முட்டியில் சிராய்ப்போடு வீட்டுக்கு வருவார், அதற்குப் பிறகு கழுத்தைத் தொட மாட்டார் என்றுதான் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

ஆனால் வரிசையாக எழுதச் சொன்னீர்கள். அதனால் அடுத்ததையும் எழுத வேண்டும்.

அடுத்த வாரம் அவர் இரும்புத் தகட்டை முக்கோணமாக வெட்டி எடுத்துக்கொண்டு வந்தார். கழுத்துக்கும் பைப்புக்கும் நடுவில் தாங்கு தகடு வைத்தால் பலமாக இருக்கும் என்று எங்கேயோ படித்திருக்கிறார். உண்மைதான். அந்தத் தகட்டை வைத்திருந்தால் உள்ளே எப்படி இருந்தாலும் வண்டி தாங்கியிருக்கும். அவர் தகட்டைப் பொருத்தி வைத்து, "இங்க வச்சுடுவமா?" என்று என்னைக் கேட்டார்.

"வச்சா அந்த வெல்டிங் மறஞ்சுடுங்க," என்றேன். "எல்லாரும் அதப் பாக்கத்தான் வராங்க."

அவர் கொஞ்ச நேரம் தகட்டைக் கையில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பழைய இரும்பு டப்பாவில் போட்டுவிட்டார்.

கறுப்புப் பெயிண்ட் அடித்து, எஞ்சினை ஏற்றி, மாசி கடைசியில் வண்டி ஓட ஆரம்பித்தது. இரண்டு நாள் எங்கள் தெருவுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தார். மூன்றாம் நாள் சனிக்கிழமை சென்னை நெடுஞ்சாலையில் வாலிகண்டபுரம் வரை ஓட்டி வீடியோ எடுப்பதாகத் திட்டம். கோயில் கோபுரம் பின்னால் தெரிய வண்டி பாய்ந்து வர வேண்டுமாம். தொண்ணூறு, நூறில் போக வேண்டுமாம். இந்தத் திட்டம் தை மாதத்திலிருந்தே எனக்குத் தெரியும். காலண்டரில் நாளைக் குறித்ததே நான்தான். ஆகவே டவுன் வேகத்தடை, முட்டிச் சிராய்ப்பு என்று மேலே எழுதியதை நீங்கள் எப்படி எடுத்துக்கொள்வீர்களோ, எடுத்துக்கொள்ளுங்கள்.

வெள்ளிக்கிழமை மதியம் வண்டியைத் துடைக்கச் சொன்னார். அரிசியில் கல் பொறுக்குவது போல விரலால் தடவித் தடவித் துடைத்தேன். கழுத்துக்குக் கீழே, என் வரியின் ஓரத்தில், பெயிண்டில் ஒரு கோடு ஓடியிருந்தது. தலைமுடி கனம் கூட இருக்காது. தெருவுக்குள் ஓட்டிய இரண்டு நாளில் வந்தது. இரும்பு பேச ஆரம்பித்துவிட்டது என்று எனக்குப் புரிந்தது.

அலமாரியில் மிச்சமிருந்த கறுப்புப் பெயிண்டை எடுத்தேன். மெல்லிய பிரஷ்ஷால் அந்தக் கோட்டின் மேல் ஒரு தடவை தடவினேன். காய்ந்த பிறகு பார்த்தேன். தெரியவில்லை. பிரஷ்ஷைக் கழுவி வைத்துவிட்டு அத்தைக்கு மாத்திரை கொடுக்கப் போனேன்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு எல்லோரும் வாசலில் நின்றோம். என் கணவரின் நண்பர் சின்னதுரை கார் கொண்டுவந்திருந்தார். காரின் பின்பக்கத்திலிருந்து வண்டியைப் படம் பிடிப்பதாக ஏற்பாடு. முத்துத்தம்பிக்கு அன்று வார விடுமுறை. வேடிக்கை பார்க்க வந்து நின்றார். அத்தை பஞ்சவர்ணம் வண்டிக்குக் கற்பூரம் காட்டினார். அப்போதுதான் என் கணவருக்கு அந்த யோசனை வந்தது.

"நான் ஓட்டுனா யாரு எடுக்குறது?" என்றார் என் கணவர். "சின்னதுரைக்கு போனப் புடிக்கவே தெரியாது. முத்து, நீ ஓட்டுறா. ஹெல்மெட்டப் போட்டா நீயா நானான்னு எவனுக்குத் தெரியப் போவுது."

முத்துத்தம்பி சிரித்துக்கொண்டே ஹெல்மெட்டை வாங்கினார். வண்டியைச் சுற்றி வந்தார். கழுத்து வெல்டிங்கின் மேல் ஒரு விரலை வைத்தார். பிறகு என் பக்கத்தில் வந்து, மற்றவர்களுக்குக் கேட்காத மாதிரி கேட்டார்.

"அண்ணி, ஏறட்டுமா? எனக்கு இந்த வண்டி மேலல்லாம் நம்பிக்கை இல்ல. ஒங்க கை மேலதான் நம்பிக்கை. நீங்க சொன்னா ஏறுறேன்."

அவர் நேரலையை நம்பவில்லை. அந்த வரியைப் பார்த்ததும் யாருடையது என்று தெரிந்துகொண்டார்.

அந்த அரை நிமிடத்தைப் பற்றித்தான் நேற்று நீங்கள் மூன்று முறை கேட்டீர்கள். யோசித்துச் சொல்கிறேன். நான் வாயைத் திறந்திருந்தால் என்ன சொல்லியிருக்க வேண்டும்? உள்ளே இறங்கவில்லை என்று சொல்ல வேண்டும். அண்ணி, நீங்கதானே வச்சீங்க என்று அவர் கேட்பார். அழுகலுக்கு மேல் அழகு வைத்தேன் என்று சொல்ல வேண்டும். போன் கேமரா ஓடிக்கொண்டிருந்தது, எல்லாம் பதிவாகும். ஏழு வருடம் ஒரு பைப் திரும்பி வராத கை இது. இந்தக் கையைப் பற்றி உலகம் முதன்முதலாகக் கேட்கப்போவது அதுவாக இருக்க வேண்டுமா என்று தோன்றியது. தோன்றியது என்றுகூடச் சொல்ல முடியாது. நாக்கு எழவில்லை.

"மெதுவாப் போங்க தம்பி," என்றேன்.

"நீங்க இருக்கையில என்ன பயம்," என்று சொல்லிவிட்டு ஏறினார்.

வண்டி தெருமுனை திரும்புகிற வரை பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு உள்ளே போய் அரிசி களைந்தேன். பதினொரு மணிக்குச் சின்னதுரை போன் செய்தார். வாலிகண்டபுரம் தாண்டி, சமமான ரோட்டில், பள்ளமோ மேடோ இல்லாத இடத்தில் கழுத்து விட்டிருக்கிறது. முன் சக்கரம் தனியாகப் போயிருக்கிறது. என் கணவர் காரிலிருந்து எடுத்துக்கொண்டிருந்த வீடியோவில் எல்லாம் பதிவாகியிருக்கிறது. நீங்கள் பார்த்திருப்பீர்கள். நான் பார்க்கவில்லை. கழுத்தைக் கிட்டத்தில் காட்டியிருக்க மாட்டார்கள்.

பெரம்பலூர் ஆஸ்பத்திரியில் முத்துத்தம்பியை வெள்ளைத் துணியால் மூடியிருந்தார்கள். என் கணவர் சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்திருந்தார். சட்டையெல்லாம் தம்பியின் ரத்தம். என்னைப் பார்த்ததும் எழுந்து, கையைப் பிடித்து ஓரமாக இழுத்துக்கொண்டு போனார். மிகவும் மெல்லச் சொன்னார்.

"பூவு, நீ இதுல இல்ல. போலீஸ் கேட்டா வெல்டிங்னா என்னான்னே தெரியாதுன்னு சொல்லிடு. எல்லாம் நான் வச்சது. கழுத்து நான் வச்சதுதான, அதான் உட்டுடுச்சு. ஒன் பேரு எங்கயும் வரக் கூடாது. அம்மாவுக்கு நீ ஒருத்தியாச்சும் வேணும்."

என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் சொன்னார் என்று எல்லோரும் சொல்வார்கள். இருக்கலாம். ஆனால் அவர் சொன்னது என் காதில் ஒரே ஒரு வாக்கியமாகத்தான் விழுந்தது. எல்லாம் நான் வச்சது. தம்பி பிணமாகக் கிடக்கும்போது கூட அவருக்கு அந்த வாக்கியம் வந்தது. நான் தலையை ஆட்டினேன்.

அவரைக் கைது செய்தீர்கள், ஜாமீனில் விட்டீர்கள். அன்றிலிருந்து அவர் ஷெட்டுப் பக்கம் போவதில்லை. போனைத் தொடுவதில்லை. சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறார். அத்தை மட்டும் தினமும் காலை பஸ் ஹாரன் கேட்டதும் டிபன் டப்பாவைத் தேட எழுந்துவிடுகிறார். பாதி வழியில் நின்று, என்னைப் பார்த்துக் கேட்பார்.

"நல்லாத்தானடி இருந்துச்சு வண்டி. ஏன்டி உட்டுச்சு?"

"தெரியல அத்தை," என்பேன். கஞ்சி வைத்துக் கொடுப்பேன். குடிக்கும் வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். இந்த நான்கு மாதமும் அவருக்கு நான் ஒரு குறையும் வைக்கவில்லை.

போன வாரம் கோர்ட்டிலிருந்து காகிதங்கள் வந்தன. அவர் பிரித்துப் பார்க்கவில்லை. நான் பிரித்தேன். உடைந்த கழுத்தை அறுத்துச் சோதித்த இன்ஜினியரிங் கல்லூரி ஆசிரியர் வைத்திலிங்கம் சார் எழுதிய அறிக்கை உள்ளே இருந்தது. ஒன்பது பக்கம். அதில் எல்லாம் சரியாக இருந்தது. அடி அடுக்கு பிடிக்கவே இல்லை, மேல் அடுக்கு அதை மூடியிருக்கிறது, விரிசலின் மேல் பெயிண்ட் தடவப்பட்டிருக்கிறது, அதனால் இது கவனக்குறைவாக இருக்க முடியாது, தெரிந்தே செய்ததாக இருக்கலாம் என்று எழுதியிருந்தார். வக்கீல் அதைப் படித்துவிட்டு, இனி இது விபத்து வழக்காக நிற்காது, கொலை வழக்காக மாறிவிடும் என்றார். என் கணவர் அதைக் கேட்டும் திரும்பிப் படுக்கவில்லை.

நான் நேற்று ஸ்டேஷனுக்கு வந்தேன்.

இன்று காலை என்னை அந்தக் கல்லூரிப் பட்டறைக்கு அழைத்துப் போனீர்கள். இரண்டு பைப்பைக் கொடுத்து, வைத்துக் காட்டு என்றீர்கள். நான்கு மாதம் கழித்து முகமூடியைப் போட்டேன். வளையலைக் கழற்றவில்லை. முடித்ததும் வைத்திலிங்கம் சார் அந்தப் பைப்பை ஜன்னல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்த் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இதே கைதான் மேடம்," என்று உங்களிடம் சொன்னார். பிறகு என்னைப் பார்த்தார். அவர் கண் கலங்கியிருந்தது.

"இப்படி ஒரு கைய வச்சுக்கிட்டு ஏம்மா?"

"அறுத்துப் பாருங்க சார்," என்றேன். "உள்ள முழுசா எறங்கியிருக்கும்."

அவர் பைப்பை மேசையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார். கடைசி வரை அறுத்துப் பார்க்கவில்லை. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஆகவே, மேடம், தெளிவாக எழுதுகிறேன். கழுத்து பிடிக்கவில்லை என்று தெரிந்தே சரி என்று சொன்னேன். தாங்கு தகட்டை வைக்க விடாமல் தடுத்தேன். விரிசலை மறைத்தேன். முத்தமிழ்செல்வன் என்னைக் கேட்டுவிட்டு ஏறினார், தெரிந்தே ஏறவிட்டேன். என் கணவருக்கு இதில் எதுவும் தெரியாது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. முத்துத்தம்பிக்கு நியாயம் கிடைக்க வேண்டும் என்ற ஒரே காரணத்துக்காகத்தான் வந்திருக்கிறேன். வேறு எந்த நோக்கமும் எனக்கு இல்லை.

அறிக்கையில் ஒரு திருத்தம் மட்டும் செய்யச் சொல்லுங்கள். நான்காம் பக்கம், கடைசிக்கு முந்திய பத்தி. 'மேல் அடுக்கை வைத்தவர் அபூர்வமான தேர்ச்சி உள்ளவர். இத்தனை வருட அனுபவத்தில் இப்படி ஒரு கையை நான் கண்டதில்லை' என்று எழுதி, அதற்குப் பக்கத்தில் அசோக் என்று போட்டிருக்கிறார்கள். அதை அடித்துவிட்டு என் பெயரை எழுத வேண்டும். பூங்குழலி, வெல்டர். ழகரம் சரியாக வர வேண்டும். ஏழாம் பக்கத்தில் இறந்தவர் பெயர் முத்துச்செல்வம் என்று தவறாக இருக்கிறது. அதற்கு அவசரம் இல்லை.